நூற்றுப் பதினொரு தலைவர்களும் ஒரு ஜெம்மாவும்

புனித கோப்னெட் மேல்நிலைப் பள்ளியில் அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுப் பன்னிரண்டு பேர் படித்தார்கள். அவர்களில் நூற்றுப் பதினொரு பேர் தலைவர்கள். மிச்சமிருந்த ஒருத்தியின் பெயர் ஜெம்மா பொர்டோலின். அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் அந்தப் பள்ளியின் வருகைப் பதிவு ஜன்னலில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் பல் பிடுங்கப் போனார்கள், யார் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆற்றில் குளிக்கப் போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதைச் சொல்ல அதற்கு மேல் எனக்கு ஒரு தகுதியும் இல்லை.

முந்தைய ஆண்டு வரை எங்களிடம் பன்னிரண்டு மாணவத் தலைவர்கள்தான் இருந்தார்கள். தேர்வாகாத பிள்ளைகளின் பெற்றோர் கடிதம் எழுதுவார்கள். கெவின் ஹெனபரி பதில் எழுதுவார். இரண்டு பக்கமும் தூக்கம் கெடும். ஹெனபரியின் பதவி 'மாணவர் நலன், தலைமைப் பண்பு மற்றும் உடன்நடத்தலுக்கான துணை முதல்வர்'. அவர் அறைக் கதவில் இருக்கும் பெயர்ப்பலகை கதவுப்பிடியில் முட்டிக்கொண்டு நிற்கும். முதல்வர் அந்த வருடம் நீண்ட விடுப்பில் இருந்தார். காரணம் 'நலன்' என்று என் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே எல்லாமே ஹெனபரிதான்.

ஜனவரி விடுமுறையில் அவர் கடற்கரை ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் மாநாட்டுக்குப் போனார். தலைவலியோடு போனவர் ஒரு வாக்கியத்தோடு திரும்பி வந்தார். 'ஒவ்வொரு மாணவரும் ஒரு தலைவர்.'

பிப்ரவரி முதல் வாரத்தில் பதவிகள் அறிவிக்கப்பட்டன. நலன் கேப்டன், வழிபாட்டு கேப்டன், நீர்விளையாட்டு கேப்டன் வரை ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் மிஞ்சினார்கள், பதவிகள் மிஞ்சவில்லை. லாக்கர் வராந்தா கேப்டன் வடக்கு, லாக்கர் வராந்தா கேப்டன் தெற்கு, மறுசுழற்சித் தொட்டி கேப்டன், மறுசுழற்சி ஆகாத தொட்டி கேப்டன் என்று போயிற்று. மணி கேப்டன் என்று ஒருவன் இருந்தான். எங்கள் மணி கம்ப்யூட்டரில் தானாக அடிக்கும். அது அடிக்கும்போது அவன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

எந்தப் பதவி வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் தாளில் ஜெம்மா மட்டும் 'வேண்டாம், நன்றி' என்று எழுதியிருந்தாள். என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தே ஹெனபரி அவளை விசாரித்தார்.

"ஜெம்மா, இதுல வேண்டாம்னு எழுதியிருக்கே."

"ஆமா சார்."

"எதனால?"

"காலைல நாலரைக்கு மாடு கறக்கணும் சார். பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி கறக்கணும். அப்பா இடுப்புல ஆபரேஷன் பண்ணிட்டு உக்காந்திருக்கார். நேரமில்ல."

"அது வெளியில இருக்கிற காரணம். நான் உள்ளுக்குள்ள கேக்கறேன். உள்ளுக்குள்ள ஏன் வேண்டாம்?"

ஜெம்மா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "உள்ளுக்குள்ளயும் நேரமில்ல சார்."

"சன்ஸ்கிரீன் கேப்டன் இன்னும் காலியா இருக்கு. ஒரு பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா போதும்."

"வேற யாருக்காவது குடுங்க சார். நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவள் போன பிறகு ஹெனபரி என் ஜன்னலில் முழங்கையை ஊன்றினார். "'நல்லாத்தான்'. கவனிச்சீங்களா நோலீன்? அந்த 'தான்' எனக்குக் கவலையா இருக்கு."

பேட்ஜ்களை மந்திரிக்கத் திருப்பலி வைத்தார்கள். பங்குத்தந்தை ஃபாதர் தியென் மூன்று ஊர்க் கோயில்களுக்கு ஒரே ஆள். எண்பது கிலோமீட்டர் காரோட்டி வந்திருந்தார். நூற்றுப் பதினொரு பேட்ஜை மேஜையில் பார்த்ததும், தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் துப்புரவு அறையிலிருந்து ஒரு வாளி கொண்டுவரச் சொன்னார்.

கோப்னெட் தேனீக்களின் பாதுகாவலி. எங்கள் சட்டைப்பையில் தைத்திருப்பதும் தேனீதான். ஹெனபரி பிரசங்க மேடையில் ஏறி அதைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய காலத்துத் தேன்கூட்டுல ஒரே ஒரு ராணிதான் இருந்தது. மத்ததெல்லாம் வேலைக்காரத் தேனீ. எவ்வளவு பெரிய அநியாயம்! நம்ம கூட்டுல இன்னையிலேருந்து எல்லாருமே ராணித் தேனீ. அப்படி ஒரு கூட்டை ஒரு நிமிஷம் மனசுல நெனச்சுப் பாருங்க."

எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள். ஃபாதர் தியென்னும் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். "தேன் இருக்காதே" என்றார். மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் கோயில் முழுவதும் கேட்டது. அது ஜெபத்தின் பகுதி என்று எண்ணி மக்கள் 'ஆமென்' சொன்னார்கள்.

சிக்கல் மார்ச்சில் தொடங்கியது. ஒவ்வொரு தலைவரும் வாரம் ஒருமுறை ஒரு மாணவரிடம் மனநிலை பத்துக்கு எத்தனை என்று கேட்டு, தேவையானால் கூட நடந்து 'உடன்நடத்தல்' செய்து அதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாநாட்டில் ஹெனபரிக்குக் கொடுத்த மென்பொருள் அது. சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் போகலாம் என்றால், பெரிய மாணவர்கள் ஆசிரியர் துணையில்லாமல் சிறுவர்களோடு தனியே பேசக்கூடாது என்று குழந்தைப் பாதுகாப்பு விதி இருந்தது. ஆசிரியர்களோ எந்நேரமும் நலன் கூட்டத்தில் இருந்தார்கள். தலைவர்களுக்குள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளலாம் என்றால், தலைவர்கள் ஏற்கெனவே நலமாக இருப்பவர்கள். மென்பொருளில் அவர்கள் பெயர் பச்சை நிறத்தில் பூட்டப்பட்டிருந்தது. பூட்டாத பெயர் ஒன்றே ஒன்றுதான்.

இப்படியாக ஜெம்மாவுக்கு வாரத்துக்கு நூற்றுப் பதினொரு உடன்நடத்தல்கள் வந்து சேர்ந்தன. நாளொன்றுக்கு இருபத்திரண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் இருபத்து மூன்று.

அவள் லாக்கரில் முறை அட்டவணை ஒட்டினார்கள். காலையில் சைக்கிளை நிறுத்தும்போதே சைக்கிள் கொட்டகைக் கேப்டன் காத்திருப்பான்.

"ஜெம்மா, இன்னைக்குப் பத்துக்கு எத்தனை?"

"ஏழு."

"ஏழுன்னா மஞ்சள். மஞ்சள்னா நான் அஞ்சு நிமிஷம் உன்கூட நடக்கணும்."

"எங்க நடக்கணும்?"

"அதெல்லாம் போடல. சும்மா நடப்போம்."

நடந்தார்கள். அவன் கையில் இருந்த லாமிங்டன் கேக்கைக் கொடுத்தான். அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த ஒன்பதாவது லாமிங்டன் அது.

நச்சரிப்பு தாங்காமல் அடுத்த நாள் "பத்து" என்று சொன்னாள். கம்ப்யூட்டர் சிவப்பாகிவிட்டது. 'பத்து சொல்கிறவர் எதையோ மறைக்கிறார்' என்பது அதன் நம்பிக்கை. சரி என்று எட்டு சொல்ல ஆரம்பித்தாள். எட்டு பச்சை. நான்கு நாள் நிம்மதியாக இருந்தது. ஐந்தாம் நாள் ஹெனபரி அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். என் மேஜையிலிருந்துதான் ஸ்பீக்கரில் பேசினார்.

"மிஸ்டர் பொர்டோலின், பதட்டப்படாதீங்க. உங்க பொண்ணு நாலு நாளா எட்டுலயே நிக்கிறா."

"எட்டாவது கட்டுத்தறியிலயா? இந்நேரம் ஸ்கூல்ல இல்ல இருக்கணும் அவ?"

"மனநிலை சார். பத்துக்கு எட்டு. அசையவே மாட்டேங்குது. இதை நாங்க தட்டை நிலைன்னு சொல்லுவோம்."

பின்னணியில் ஒரு கன்று கத்தியது. "எட்டுன்னா நல்லதுதானே?" என்றார் சில்வானோ பொர்டோலின்.

"அது எட்டைப் பொறுத்தது" என்றார் ஹெனபரி.

வழிபாட்டு கேப்டன், நல்ல பெண்தான், ஞாயிற்றுக்கிழமைக் கோயில் மன்றாட்டில் 'ஜெம்மாவின் பெயர் சொல்ல முடியாத தேவைக்காக' என்று சேர்த்துவிட்டாள். அந்த வாரம் சூப்பர் மார்க்கெட்டில் தயிர் எடுத்துக்கொண்டிருந்த ஜெம்மாவின் அம்மா லூயிசாவின் கையை மூன்று பேர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி பாஸ்தா செய்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இத்தாலியக்காரி வீட்டுக்கு யாராவது பாஸ்தா செய்து கொண்டுபோவார்களா? விஷயம் பெரிது என்று அதிலிருந்தே ஊருக்குப் புரிந்தது.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். ஜெம்மாவுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். அதற்கு வேதியியலில் நல்ல மதிப்பெண் வேண்டும். வேதியியல் வகுப்பில் அவளை நான்கு தடவை வெளியே கூப்பிட்டார்கள். ஒருமுறை சோதனை நடுவில், அமிலத்தைக் கையில் வைத்திருந்தபோது கூப்பிட்டார்கள். எண்பத்தொன்று வாங்கிக்கொண்டிருந்தவள் ஐம்பத்து நான்குக்கு வந்தாள். அன்று அவள் என் ஜன்னலுக்கு வந்து, "மிஸ், என்னைக் கொஞ்ச நாள் வரலைன்னு போட்டுக்க முடியுமா? வந்து ஓரமா உக்காந்து படிச்சுக்கறேன்" என்று கேட்டாள். அந்த வருடத்தில் முதல்முறையாக அவள் நன்றாக இல்லை.

ஹெனபரியிடம் மதிப்பெண் போயிற்று. "பாத்தீங்களா? இவளுக்கு ஆதரவு தேவைன்னு நான் பிப்ரவரியிலேயே சொன்னேன்" என்றார். செவ்வாய்க்கிழமைதோறும் வரும் மனநல ஆலோசகர் ஈவெட் நசாரின் நேரம் முழுவதையும் ஜெம்மாவுக்கு ஒதுக்கினார்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, நலன் கேப்டன் லாக்லன் ஷீடிக்குப் பதிவு ஒன்று பாக்கி இருந்தது. பள்ளியில் ஜெம்மாவைப் பிடிக்க முடியவில்லை, முறை நிரம்பி வழிந்தது. ஆகவே சாயங்காலம் பொர்டோலின் பண்ணைக்கே போய்விட்டான். உயரமான பையன், எங்கள் ஊர்க் கால்பந்தான ஃபுட்டி அணியிலும் இருந்தான், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பான். அங்கே நடந்ததை ஜெம்மா பிறகு என்னிடம் சொன்னாள்.

நூற்றெண்பது மாடுகள் வரிசையில் வந்துகொண்டிருந்தன. லாக்லன் பளபளக்கும் கறுப்பு ஷூவோடு சாணியில் நின்று கேள்வி அட்டையை எடுத்தான்.

"ஜெம்மா, இன்னைக்குப் பத்துக்கு எத்தனை?"

"அங்க நிக்காதே, அது உதைக்கும். எட்டுன்னு போட்டுக்கோ."

"போன வாரமும் எட்டு. ஏழரை போட்டுக்கட்டுமா?"

"உன் இஷ்டம்." கறவைக் குழாயை மாட்டிக்கொண்டே அவள் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். "உனக்கு எத்தனை?"

"எங்களுக்கு அந்தக் கேள்வி கிடையாது."

"தெரியும். நான்தானே கேக்கறேன். சொல்லு."

பையன் அட்டையைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். "ரெண்டு" என்றான்.

அவன் அம்மா ஏப்ரல் பதினான்காம் தேதி ஜீலாங் நகரத்துக்குப் போய்விட்டாள், திரும்பி வரும் எண்ணத்தில் இல்லை. அப்பா மிக் டயர் கடை வைத்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைக்குப் போகிறார், வருகிறார், இருவரும் டி.வி.யில் ஃபுட்டி பார்க்கிறார்கள். பையனுக்கு ஐந்து வாரமாகத் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. சில சமயம் ரயில்வே கிராசிங்கில் சைக்கிளை நிறுத்திவிட்டு, ரயில் போன பிறகும் அங்கேயே நிற்கிறானாம்.

ஜெம்மா சுவரில் தொங்கிய அப்பாவின் ரப்பர் பூட்ஸை எடுத்து அவன் முன்னால் போட்டாள். "ஷூவைக் கழட்டு. ரெண்டாவது வரிசைக்குக் குழாய் மாட்டு. நான் சொல்லித் தர்றேன்." கறவை முடிகிறவரை வைத்திருந்தாள். பிறகு, "டேய், கிராசிங் கதையை ஹெனபரிகிட்ட சொல்லிடு. இதுக்குத்தானே அவரை வெச்சிருக்காங்க?" என்றாள்.

மறுநாள் அவன் போனான். ஹெனபரி கதவைத் திறந்தே வைத்துப் பேசுவார், அது ஒளிவுமறைவின்மை.

"சார், எனக்கு மிஸ் நசாரைப் பாக்கணும்."

"ஜெம்மா விஷயமாவா? நல்ல முயற்சி."

"இல்ல சார். என் விஷயமா. நான் நல்லா இல்ல."

"நீ நலன் கேப்டன், லாக்லன்."

"தெரியும் சார்."

"நலன் கேப்டன் நல்லா இல்லேன்னா, நலனே நல்லா இல்லேன்னு ஆயிடும். அது பள்ளியோட நலனுக்கு நல்லதா? ஜூன்ல மறைமாவட்டத்துலேருந்து பார்வையிட வர்றாங்க. நூத்துப் பதினொரு பச்சை காட்டறதா சொல்லியிருக்கேன்." எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "பதவியை ராஜினாமா பண்ணினா உன் பூட்டு திறந்துடும், அப்புறம் தாராளமா உதவி கேக்கலாம். அதுக்கு அப்பா கையெழுத்து வேணும், ஒரு நேர்காணல் இருக்கு. அவசரம் இல்லேன்னா ஜூலைல வெச்சுக்கலாம். நல்லா இரு, லாக்லன்."

பையன் என் ஜன்னலைக் கடந்து போனான். வழக்கம்போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜெம்மா வந்து மிஸ் நசாரைப் பார்க்கப் போகும் அனுமதிச் சீட்டைக் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி, பின்னால் நின்றுகொண்டிருந்த லாக்லன் கையில் வைத்தாள்.

"மிஸ், நீங்க ஒண்ணும் பாக்கல, சரியா?"

"எனக்கு அறுபத்திரண்டு வயசு. கண்ணாடி போட்டாத்தான் தெரியும்" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

மிஸ் நசார் கெட்டிக்காரி. ஜெம்மாவின் நேரத்தில் அதுவரை அவளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஆறடி உயரத்தில் ஒரு பையன் 'ஜெம்மா பொர்டோலின்' என்ற சீட்டோடு வந்து உட்கார்ந்ததும், "உக்காரு ஜெம்மா, என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டாளாம். ஒரு மணி நேரம் கழித்து அவன் கண் வீங்கி வெளியே வந்தான். அன்றிரவு தூங்கினான் என்றும், கிராசிங் பக்கம் போவதில்லை என்று மிஸ் நசாருக்கு வாக்குக் கொடுத்தான் என்றும் பிறகு தெரிந்தது.

ஆனால் பார்த்ததைப் பதியாமல் கம்ப்யூட்டர் அவளை வெளியே விடாது. பதிய அவளுக்குத் திறந்திருந்தது ஒரே பெயர். அவள் வேறு வழியில்லாமல் பதிந்தாள். 'ஜெம்மா பொர்டோலின். இரண்டு. தூக்கமின்மை. தாயார் வீட்டை விட்டு வெளியேறினார், ஏப்ரல் 14, ஜீலாங். வீட்டாரோடு உடனே பேச வேண்டும்.'

கட்டடத்தில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் கூவின.

வியாழக்கிழமை மதியம் அவசரக் கூட்டம். மேஜையைச் சுற்றிப் பதினொரு பேர். நலன் கேப்டன் என்ற முறையில் லாக்லனும், ஜெம்மாவும், குறிப்பெழுத நானும் அதில் அடக்கம். ஈவெட் நசார் மட்டும் இல்லை, அவள் செவ்வாய்க்கிழமைக்காரி. எதிரே சில்வானோ ஊன்றுகோலோடு. பக்கத்தில் லூயிசா, மடியில் கைப்பையோடு.

"மிஸ்டர் பொர்டோலின்," என்று ஹெனபரி கைகளைக் கோத்துக்கொண்டார், "முதல்ல எங்க எல்லாரோட அனுதாபத்தையும் ஏத்துக்கணும்."

"எதுக்கு?"

"உங்க மனைவி உங்களை விட்டுட்டுப் போனதுக்கு."

சில்வானோ பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். "இவளா?"

"மறுக்கத்தான் தோணும். முதல் கட்டம் அப்படித்தான் இருக்கும்."

"யோவ், நான் மறுக்கல. இவ இங்க உக்காந்திருக்கா."

"நான் எப்போ போனேன்?" என்றாள் லூயிசா.

ஹெனபரி திரையைப் பார்த்தார். "ஏப்ரல் பதினாலு. ஜீலாங்குக்கு."

"ஜீலாங்ல எனக்கு யாரு இருக்கா?"

"மன்னிக்கணும். ரகசியக் காப்பு விதி இருக்கு. அதை உங்ககிட்ட சொல்ல முடியாது."

சில்வானோ மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யாரு லூயிசா?"

"இடுப்பைத்தானே ஆபரேஷன் பண்ணாங்க உங்களுக்கு? மூளையில ஏதாவது கை வெச்சாங்களா?"

"மிஸஸ் பொர்டோலின்," என்றார் ஹெனபரி பொறுமையாக, "நீங்க வந்திருக்கறது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனா பதிவேட்டுப்படி நீங்க இங்க இல்ல. நாங்க பதிவேட்டை வெச்சுத்தான் உதவி பண்ண முடியும்."

ஜெம்மா வாயைத் திறந்தாள். "இப்போ நீ பேசற இடம் இல்ல, ஜெம்மா. உன் சார்பா சக மாணவர் குரல்னு தனியா நேரம் வெச்சிருக்கோம்" என்று நிகழ்ச்சி நிரலைத் தட்டிக்காட்டினார் ஹெனபரி. "லாக்லன், நீ பேசு."

லாக்லன் எழுந்தான். கையில் அவர் எழுதிக் கொடுத்த தாள். "ஜெம்மா, நீ தனியா இல்ல. உன்னைச் சுத்தி நாங்க இருக்கோம்" என்று வாசித்தான். அடுத்த வரி வரவில்லை. தாளை மேஜையில் வைத்தான்.

"சார், அது ஜெம்மா இல்ல. நான். அம்மா போனது எங்க வீட்டுல. தூங்காதது நான். ரெண்டுன்னு சொன்னதும் நான்தான்."

மணி கேப்டன் இல்லாமலே மணி அடித்து ஓய்ந்தது. ஹெனபரி கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் ஒரு கணம் மனிதச் சாயல் வந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அவர் கண் நிகழ்ச்சி நிரலுக்குப் போயிற்று.

"லாக்லன், மனசைத் திறந்து பேசினதுக்கு நன்றி. ஆனா இந்தக் கூட்டம் ஜெம்மாவைப் பத்தினது. உன்னைப் பத்திப் பேசணும்னா வேற கூட்டம் போடணும். அஞ்சு வேலை நாள் முன்னாடி சொல்லணும். அதோட, அதுக்கு நலன் கேப்டன் கட்டாயம் வரணும்."

"நலன் கேப்டன் நான்தான் சார்."

ஹெனபரி நாட்காட்டியைத் திறந்தார். "அப்படின்னா, அடுத்த வியாழன் உனக்கு வசதிப்படுமா?"

லூயிசா எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்தாள். குட்டையான பெண்மணி, கையை உயர்த்தித்தான் அவன் தோளைப் பிடிக்க முடிந்தது. "வா டேய். கறக்கற நேரமாச்சு" என்றாள். ஜெம்மாவும் சில்வானோவும் பின்னால் போனார்கள். ஊன்றுகோல் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. மேஜையில் எஞ்சியவர்கள் அடுத்த பொருளை எடுத்தார்கள்.

நான் என் ஜன்னலுக்கு வந்தேன். நேரத்துக்கு முன்பே ஒரு பிள்ளை வெளியே போனால் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று விதி. டயர் கடைக்குப் போட்டேன்.

"மிக், நான் ஸ்கூல்லேருந்து நோலீன். உங்க பையன் ரெண்டே முக்காலுக்குக் கிளம்பிட்டான்."

"அடிபட்டுட்டானா?"

"இல்ல. கூட்டத்துல எழுந்து நின்னு, அம்மா போயிட்டாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொன்னான். தூங்கலன்னும் சொன்னான்."

காற்றடிக்கும் இயந்திரம் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ அதை அணைத்தார்கள். "வர்றேன்" என்றார்.

பத்து நிமிடத்தில் வந்தார். கையெல்லாம் டயர்க் கறுப்பு. ஜன்னல் கண்ணாடியைத் தொடாமல் தள்ளி நின்றார். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா, நோலீன்?"

"நீங்களே கேளுங்க மிக்."

"எனக்குக் கேக்கத் தெரியாதே. அவ இருந்தவரைக்கும் அவதான் கேப்பா."

ஹெனபரி தன் அறையிலிருந்து வந்து அவர் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். 'உங்கள் பிள்ளையோடு பேசுவது எப்படி: பதினான்கு படிகள்.' மிக் முதல் படியை உதட்டை அசைத்து வாசித்தார். பிரசுரத்தை மடித்து வைத்துவிட்டு, "பொர்டோலின் பண்ணைக்கு எந்த ரோடு?" என்று கேட்டார். சொன்னேன்.

அடுத்த வாரச் செய்திமடலில் ஜெம்மாவின் விவகாரம் வெற்றிகரமாக முடிந்ததாக வந்தது. 'பள்ளியின் உடன்நடத்தலால் தாயார் வீடு திரும்பினார்' என்று ஹெனபரி எழுதியிருந்தார். லூயிசா அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். ஜெம்மாவின் பெயரும் பச்சையாகிப் பூட்டிக்கொண்டது. உடன்நடத்த ஆளில்லாமல் தலைவர்கள் வேறு வழியின்றி மதிய உணவு சாப்பிட்டார்கள். அவள் வேதியியல் தேர்வை மறுபடி எழுதி எழுபத்தொன்பது வாங்கினாள். லாக்லன் ராஜினாமாத் தாளில் அப்பாவின் கையெழுத்து வாங்கி, ஜூலைவரை காத்திருக்காமல் ஹெனபரி மேஜையில் பேட்ஜோடு வைத்துவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமைகளில் தன் சொந்தப் பெயரிலேயே சீட்டு வாங்கினான்.

கூட்டம் நடந்த வியாழக்கிழமை சாயங்காலத்தைச் சில்வானோதான் எனக்குச் சொன்னார். மிக் ஷீடி வண்டியை விட்டு இறங்கி, மாட்டு முற்றத்து வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். உள்ளே பையன் முற்றத்தின் கோடியில் குழாய் பிடித்துச் சாணியைக் கழுவிக்கொண்டிருந்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கடைசியில் மிக் கதவைத் திறந்து உள்ளே வந்து, சுவரில் சுருட்டி வைத்திருந்த இன்னொரு குழாயை எடுத்து, இந்தக் கோடியிலிருந்து கழுவ ஆரம்பித்தார். நல்ல நீளமான முற்றம் அது. இருவரும் தலைநிமிராமல் கழுவிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். குழாய் இரண்டும் தரையில் ஓடிக்கொண்டிருக்க, பேசினார்கள்.

"என்ன பேசினாங்க?" என்று கேட்டேன்.

"பம்பு சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் சில்வானோ. "ஆனா தண்ணித் தொட்டி காலியாகற வரைக்கும் பேசினாங்க."